ஐஸ் படாத மீன்

டிசம்பர் 19

அண்ணன் நாளை மறுநாள் வருகிறான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. ஜப்பானில், நகோயா பக்கம், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை.

போனில் அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான். பெரிய பாறை மீன் ஒன்று வாங்கி, குடல் எடுத்து, ஃப்ரீசரில் போட்டு வைக்க வேண்டும். முழுதாக ஒரு வாரம். குளிரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதைச் சமைக்காமல் அறுத்து எங்களுக்குத் தரப்போகிறான். அவன் அங்கே தின்பதை நாங்களும் ஒரு தடவை தின்ன வேண்டுமாம்.

அம்மா மீனை ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கதவை இரண்டு முறை திறந்து பார்த்தாள். எங்கள் ஃப்ரீசரில் ஐஸ் கட்டித் தட்டும் பட்டாணிப் பொட்டலமும் தவிர எதுவும் இருந்ததில்லை. அப்பா மீன் வியாபாரி. பெர்க்மான்ஸ் என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். துறைமுக ஏலத்தில் எடுத்து, பெட்டியில் ஐஸ் கொட்டி, கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறார். ஆனால் வீட்டுக்கு ஐஸ் பட்ட மீன் வராது. காலையில் வள்ளத்தில் வந்தது மதியம் குழம்பில் கிடக்க வேண்டும். விற்பதற்கு ஒன்று, தின்பதற்கு ஒன்று. தூத்துக்குடியில் எங்கள் தெருவின் வியாபாரி வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். ஒருவர் வீட்டு ஃப்ரீசரில் மீன் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று பேசிக்கொள்வார்கள்.

டிசம்பர் 20

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வாங்கினேன். முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டம்: இரண்டு வரி எழுதினேன், மூன்று வரி அடித்தேன்.

டிசம்பர் 21

அண்ணன் வந்தான். "மெலிஞ்சிட்டியேல" என்றார் அப்பா. அவன் மெலியவில்லை. அப்பாவுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இனி அங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் அம்மா சொல்ல வேண்டும். அம்மா சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அண்ணன் பேசும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 25

பூசை. கறி. தூக்கம்.

டிசம்பர் 27

நாளை ஞாயிறு, வள்ளம் கடலுக்குப் போகாது. விருந்து இன்று என்று அப்பாதான் முடிவு செய்தார். மீன் ஃப்ரீசரில் இருக்கும்போது வள்ளம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

காலையில் அப்பா ஈரச் சாக்கோடு அடுக்களைக்குள் வந்தார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பூசைக்குப் போயிருந்தாள், அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா ஃப்ரீசரைத் திறந்து பாலிதீன் சுற்றிய மீனை எடுத்து மேடையில் தட்டினார். கட்டைபோல் சத்தம் வந்தது.

"இதயாட்டி எம் மவனுக்குக் குடுக்கணும்?"

சாக்குக்குள் கைவிட்டு இன்னொரு பாறையை இழுத்தார். கிட்டத்தட்ட அதே அளவு. கண் தெளிவாக இருந்தது. செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு.

"நம்ம சூசை வள்ளத்துல வந்தது. தூண்டில்ல பிடிச்சது. தொட்டுப் பாரு, எப்படி வெறச்சு நிக்குன்னு."

"அண்ணன் ஐஸ்ல வச்சதுதான் வேணும்னு சொன்னான்."

"அவன் அங்க கெடைக்காம ஐஸ் மீனத் திங்கான். இங்க வந்துமா? பெர்க்மான்ஸ் வீட்ல வெளியூர்லேருந்து வந்த பிள்ளைக்கு ஐஸ் மீனக் குடுத்தாம்னு தெரிஞ்சா ஏலத்துல ஒருத்தன் மதிப்பானா?"

"அப்ப அந்த மீனு?"

"அது கேரளா போயிரும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாக்கில் போட்டுக்கொண்டார். "மூச்சு விடக் கூடாது, கேட்டியா."

நான் மூச்சு விடவில்லை. வேடிக்கையாக இருந்தது.

அண்ணன் எழுந்து வருவதற்குள் அப்பா மீனைத் தோலுரித்து, முள் நீக்கி, சதையை நான்கு நீளத் துண்டுகளாக எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். விடியவே வெளியே எடுத்து ஐஸ் விட வைத்ததாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மெல்லிசாகச் சாய்த்து அறுத்தான். அப்பா பக்கத்தில் நின்று கத்தியை மாற்றிக் கொடுத்தார். அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்தே தீருவேன் என்றாள்.

"எலுமிச்சை பட்டா வெந்த மாதிரிதாம்ல."

"வெந்த மாதிரி இருக்கும்மா. வேகாது."

அம்மா ஒரு துண்டும் தொடவில்லை. தனக்கு எடுத்து வைத்ததைக் கொண்டுபோய்ப் பொரித்துக்கொண்டாள். நான் ஒரு துண்டு தின்றேன். குளிர்ச்சி, வழுவழுப்பு, பிறகு லேசான இனிப்பு. அப்பா முதல் துண்டை மெல்லாமல் விழுங்கினார். இரண்டாவதை மென்றார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அவர் பார்த்தது மீனை அல்ல, அண்ணனின் முகத்தை.

"ஒரு வாரம் ஐஸ்ல இருந்தும் எப்படி இருக்கு பாத்தீங்களாப்பா? நாந்தான் சொன்னேன்லா."

"ஆமாமா. நீ சொன்னா சரியாத்தாம் இருக்கும்."

என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா கண்ணடித்து நான் பார்த்ததே இல்லை.

எதற்கு ஐஸில் வைக்க வேண்டும் என்று அண்ணனைக் கேட்டேன்.

"புழு இருந்தா செத்துரும். கடல் மீன்ல பொடிசா ஒண்ணு உண்டு, நூல் மாதிரி. அங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கடல் மீன்ல ஏதுல புழு?" என்றார் அப்பா. "உப்புல புழு நிக்குமா? அதெல்லாம் கொளத்து மீனு."

"சரிப்பா, இருக்கட்டும். அதான் ஐஸ்ல வச்சாச்சே."

அப்பா சிரித்தார். நானும். அப்போது தட்டில் பாதி மிச்சம் இருந்தது.

டிசம்பர் 31

அண்ணன் போனான். விமான நிலையத்தில் அவன் பையை அப்பாதான் தூக்கிக்கொண்டு நடந்தார். கொடுங்க, கொடுங்க என்று அவன் பின்னால் ஓடினான்.

ஜனவரி 1

இரவுப் பூசையிலிருந்து வந்ததிலிருந்து அப்பாவுக்கு வயிற்று வலி. கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். அம்மா ஓமத் தண்ணீர் வைத்தாள்.

ஜனவரி 2

ஏலத்துக்குப் போனார். பாதியில் திரும்பினார். ஏலத்திலிருந்து அவர் பாதியில் திரும்பியது எனக்கு நினைவில்லை.

ஜனவரி 3

வலி விட்டுவிட்டு வருகிறது. வரும்போது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முன்னால் வளைகிறார். போனதும் நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல" என்கிறார். தெருமுனை டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டார்.

எனக்கு வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன்.

ஜனவரி 4

மூன்று முறை வாந்தி. கடைசியில் பச்சை. வயிறு உப்பியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கு வழியாகக் குழாய். குழாய் போடும்போது அப்பா நர்ஸிடம், "யம்மா, நான் மீன் யாவாரி, தூண்டில மாட்டுத மாதிரி மாட்டாத" என்றார். அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

ஜனவரி 5

ஸ்கேன். சிறுகுடலில் ஓரிடம் தடித்து வழி சுருங்கியிருக்கிறது. சுற்றிலும் நீர். அறுவை டாக்டரின் பெயர் அருணகிரி. கையைக் கழுவிக்கொண்டே பேசுகிறவர்.

"காசநோயா இருக்கலாம். கட்டியா இருக்கலாம். திறந்து பாத்தாத்தான் தெரியும். அந்தப் பகுதிய வெட்டி எடுக்க வேண்டி வரலாம். நாளன்னைக்குக் காலைல."

கட்டி என்றால் என்ன என்று அம்மா கேட்கவில்லை. கையில் இருந்த ஜெபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இருமல் உண்டா, எடை குறைந்ததா. பிறகு: "வேகாதது ஏதாவது சாப்பிட்டாரா?"

அம்மா அண்ணனின் விருந்தைச் சொன்னாள். டாக்டர் கை துடைப்பதை நிறுத்தினார். மீனா, என்ன மீன், எப்போது? அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அண்ணனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அண்ணன் தெளிவாகச் சொன்னான். எத்தனையாம் தேதி ஃப்ரீசருக்குள் போனது, எத்தனையாம் தேதி வெளியே எடுத்தது, குளிர் எந்த அளவில் இருந்தது. எல்லாம் சரியான பதில்கள். அவன் சொல்லி முடித்ததும் டாக்டர் தலையாட்டினார்.

"இவ்வளவு கவனமா இருந்திருக்கீங்க. அப்ப அது இல்ல."

கட்டிலில் அப்பா கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்தார். நேராக என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதே நாள், மாலை

வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

வெள்ளைப் புழு. சுருண்டிருக்கும், ஒரு நகக்கண் அகலத்துக்குள் அடங்கும். அது வளர வேண்டிய இடம் திமிங்கிலம், கடல்நாய் போன்றவற்றின் வயிறு. மனிதனுக்குள் வந்தால் வளர முடியாது. இடம் தெரியாமல் குடல் சுவரில் தலையை நுழைக்கும். குடல் வீங்கும், அடைக்கும். சில நாளில் புழு தானே செத்துவிடும், வீக்கம் வடிந்துவிடும். கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. திறந்திருக்கத் தேவையில்லை என்று பிறகு எழுதியிருக்கிறார்கள்.

வேக வைத்தால் சாகும். மைனஸ் இருபதில் ஒரு வாரம் இருந்தால் சாகும். உப்பு, எலுமிச்சை, மிளகாய் எதற்கும் அசையாது.

மீன் எவ்வளவு புதிது என்பதில் ஒன்றுமில்லை. இந்த வரியை இரண்டு கட்டுரைகளில் பார்த்தேன்.

ஜனவரி 6

அம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவிடம் சொன்னேன். படித்ததை எல்லாம், வரிசையாக.

குழாயோடு பேசுவது அவருக்குக் கஷ்டம். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எம் மீன்ல புழுவா?"

"எல்லார் மீன்லயும் இருக்கும்ப்பா. வேக வச்சா ஒண்ணுமில்ல."

"கேக்கவன் அப்படியா கேப்பான்? பெர்க்மான்ஸ் மீன்ல புழுன்னு கேப்பான். திருவனந்தபுரம் வரைக்கும் போவும்."

"நாளைக்கு வயித்த அறுக்கப் போறாங்க."

"அறுக்கட்டும். அதுக்குத்தான படிச்சிருக்காவ."

வலி வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போனதும் விட்டார்.

"அவன் முன்னாடி சொல்லாத. என்னயப் பத்தி என்ன நெனப்பான்? அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதயும் அப்பன் கேக்கலன்னு நெனப்பான்லா."

சரி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மாலையில் ஒருவர் ரேஸரோடு வந்து அப்பாவின் வயிற்றை மழித்தார். வெளியே இருக்கச் சொன்னார்கள். திரையின் இடைவெளியில் வயிறு தெரிந்தது. வெள்ளையாக, அவருடைய கைக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லாத நிறத்தில்.

டாக்டர் அருணகிரியின் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஃப்ரீசர்ல இருந்த மீன நாங்க சாப்பிடல. அப்பா மாத்திட்டாங்க."

"எதுக்கு?"

அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் கடல் இல்லாத பாலக்காட்டில் படித்தவர். ஐஸ் மீன் தின்று வளர்ந்தவர். அவருக்குப் புரியவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கணினியில் ரத்தப் பரிசோதனையைத் திறந்தார். வயிற்றில் புழு இருந்தால் கூடும் வெள்ளை அணு ஒன்று கூடியிருந்தது. அதற்கு அவர்கள் ஏற்கெனவே வேறு காரணம் வைத்திருந்தார்கள்.

அப்பாவின் கட்டிலருகே வந்து நேரடியாகவே கேட்டார். "ஐயா, மீன மாத்துனீங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லன்னு சொல்லலையே" என்றார் டாக்டர்.

வராந்தாவில் என்னிடம்: "மூணு நாள் பாக்கலாம். வாய்ல ஒண்ணும் குடுக்காம, டிரிப்ஸ்லயே. நீங்க சொல்றது சரின்னா தானா வடியும். தப்புன்னா மூணு நாள வீணாக்கிட்டோம். அது ஆபத்து. புரியுதா?"

புரிந்தது.

ஜனவரி 7

அறுவை இல்லை. அம்மாவிடம் டாக்டர், பச்சை மீனிலிருந்து வந்த புழுவாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். மாற்றிய கதையைச் சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை.

அம்மா உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நல்லா குடுத்தல விருந்து. ஒங்கப்பாவுக்கு வயித்துல புழு. கேட்டியா? புழு. நாங்க பாக்காத மீனா? கொழம்பு வச்சாத் திங்க மாட்டியோ நீ? ஜப்பான்காரனா ஆயிட்டியோ?"

ஸ்பீக்கரில் அவன் குரல். "ஒரு வாரம் போதலியாம்மா? கதவு சரியா மூடலியா? கரண்ட் போச்சா?"

"எனக்கென்ன தெரியும். நீ சொன்னத செஞ்சேன்."

பிறகு, டிக்கெட் பார்க்கிறேன் என்றான். வந்து என்ன செய்யப் போறே என்று அம்மா வைத்துவிட்டாள்.

அப்பா விழித்துத்தான் இருந்தார். டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொன்னது மருத்துவம். அம்மாவிடம் சொல்வது வேறு. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 8

மாற்றமில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தால் மட்டும் வாயைத் திறக்கிறார்.

ஜனவரி 9

வயிறு இன்னும் உப்பியிருக்கிறது. காலையில் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் மறுபடி ஸ்கேன். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நாளைக்கு மதியம் வரைக்கும் பாப்போம். அப்புறம் காத்திருக்க மாட்டேன்."

ஒருவேளை இது உண்மையிலேயே கட்டியாக இருந்தால், அதை மூன்று நாள் வளரவிட்டது நான். கட்டுரைகளைத் திரும்பப் படித்தேன். எதிலும் அப்பாவின் வயது இல்லை, அப்பாவின் வயிறு இல்லை.

வீட்டுக்குப் போய்க் குடிலைப் பிரித்தேன். சுரூபங்களை, ஆடுகளை, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

ஜனவரி 10

பத்தரை மணிக்கு அப்பாவுக்கு வாயு பிரிந்தது. நீளமாக, அறையே கேட்கும்படி. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர், "அண்ணாச்சி, போட் ஸ்டார்ட் ஆயிட்டு" என்றார். அப்பா சிரித்துவிட்டார். ஐந்தாறு நாட்களில் முதல் சிரிப்பு.

டாக்டர் ஓடிவந்தார். வயிற்றில் காதை வைப்பதுபோல் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். "அடைப்பு விடுது" என்றார்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 12

குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சித் தண்ணீர்.

ஜனவரி 14

வீடு. டாக்டர் கடைசியாகச் சொன்னது: "நாங்க புழுவப் பாக்கல. அதனால அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே வேக வச்சுச் சாப்பிடுங்க."

அப்பாவுக்கு முதல் வாக்கியம் மட்டும் கேட்டிருக்கிறது. பார்க்க வந்தவர்களிடம், "குடல்ல ஒரு முறுக்கு. தானா விட்டுட்டு" என்கிறார். அம்மா ஒவ்வொருவரிடமும், "முறுக்குமில்ல ஒண்ணுமில்ல, இவிய மவன் பச்ச மீனக் குடுத்துட்டான்" என்கிறாள். அப்பா மறுப்பதில்லை. வேட்டியைச் சரிசெய்கிறார்.

அண்ணன் எனக்கு மட்டும் செய்தி அனுப்புகிறான். அப்பா சாப்பிட்டாரா? நடந்தாரா? இன்று: இனி ஊருக்கு வந்தா அடுக்களைப் பக்கமே வர மாட்டேன். அதற்குக் கீழே: வர்றதே சந்தேகம்தான்.

பதில் எழுதினேன். அழித்தேன்.

ஜனவரி 17

துறைமுகத்திலிருந்து வியானி மாமாவும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் வந்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள், கதையையும் சொன்னாள்.

வியானி மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "எண்ணே, ஒம்ம மவன் அப்பனயே கொன்னுருப்பான்லா. கரையில பொறந்தவனுக்கு மீன் திங்கத் தெரியல. ஐஸ்ல வச்ச மீனத் தின்னா புழு வராம என்ன செய்யும்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். ஐஸ் மீன் என்றாலே இப்படித்தான் என்றார் ஒருவர். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது, மூடிக்கொண்டது.

"ஏட்டி செலின். அண்ணனுக்குப் போனப் போடு."

போட்டேன். அவன் எடுத்தான். பின்னால் இயந்திரச் சத்தம். அப்பா போனைக் காதில் வைக்கவில்லை. முகத்துக்கு நேரே, தட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

"சாப்ட்டியா?"

"இனிமேதாம்ப்பா. ஒடம்பு எப்படி இருக்கு?"

"அங்க குளிரா?"

"ஆமாப்பா."

"ஏல. அது ஒம் மீன் இல்ல."

"என்னப்பா?"

"ஒம் மீன நான் அன்னைக்கே கேரளா பெட்டில போட்டுட்டேன். நீ அறுத்தது நான் கொண்டாந்தது. வள்ளத்துல வந்தது. ஐஸ் படாதது. புழு இருந்திருந்தா அதுலதாம் இருந்திருக்கும்."

வியானி மாமா தம்ளரைத் தரையில் வைத்தார். அம்மா வாசல்நிலையில் நின்றிருந்தாள். பெர்க்மான்ஸ் மீனில் புழு. அவரே சொன்னார், மூன்று வியாபாரிகளுக்கு முன்னால். சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அண்ணன் கேட்டான். "செலினுக்குத் தெரியுமாப்பா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல. அவ புஸ்தகம் படிச்சிட்டு இருந்தா."

அவளிடம் கொடுங்கள் என்றான். அப்பா போனை நீட்டினார். வாங்கிக்கொண்டு வெளியே போய், தெருவில் நின்றேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான். அன்னைக்கே என்று சொன்னேன்.